எட்டு ரப்பர் காம்புகள்

பண்ணையில் அவளை எல்லோரும் கன்னுக்குட்டி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயது. நல்ல உயரம், அந்த உயரத்துக்குக் குறையாத குரல். பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து பிரிக்கப்படும் கன்றுகளுக்குப் புட்டியில் பால் கொடுத்து, இரண்டு மாதம் காப்பாற்றி, தீவனம் தின்னப் பழக்கிப் பெரிய கொட்டகைக்கு அனுப்புவது அவள் வேலை. எந்த நாளில் எண்ணினாலும் நாற்பதை ஒட்டி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பித் தடுப்பு, தடுப்பின் முகப்பில் புட்டியை மாட்ட ஒரு வளையம், காதில் ஓர் எண். பெயர் வைப்பதை முதல் வருஷத்தோடு விட்டுவிட்டாள். பெயர் வைத்தால் அது பெரிய கொட்டகைக்குப் போன பிறகும் தேடிப் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

அதற்கு முன் பதினாலு வருஷம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்தாள். அந்தக் கட்டடத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கியபோது வேலை போயிற்று. பண்ணைக்கு வந்த புதிதில் யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்குப் பிடிக்காது.

"பிள்ளைங்களுக்குக் கன்னுங்க எவ்வளவோ மேல்" என்பாள். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு அப்பா அம்மா வந்து நின்னுகிட்டு, ஏன் என் பிள்ளை சட்டையில கறைன்னு கேக்க மாட்டாங்க."

ஆறு வருஷம் அந்தப் பேச்சு செல்லுபடியானது. ஏழாவது வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் முப்பத்தொன்று என்ற கன்று பால் குடித்துவிட்டு நகராமல் நின்றது. இடது பக்கம் வயிறு பந்துபோல் உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. சாணம், சுவருக்கு வண்ணம் அடிக்கும் முன் பூசுவார்களே பட்டி, அதுபோல வெளுத்து, தரையில் ஒட்டிக்கொண்டது. கழுவக் கழுவப் புளித்த வாடை போகவில்லை.

அவள் மாட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் ஒருவரே அந்தச் சுற்று வட்டாரத்துப் பண்ணைகள் அனைத்துக்கும். எப்போது கூப்பிட்டாலும் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார். காற்றின் இரைச்சலுக்கு நடுவில் கத்தினார்.

"தண்ணிய மாத்திப் பாருங்கம்மா."

தண்ணீரை மாற்றினார்கள். அடுத்த வாரம் ஒன்பதாம் எண் கன்றுக்கு அதேபோல் வந்தது. "பால் பவுடர மாத்துங்க" என்றார். வேறு மூட்டை பிரித்தார்கள். அதற்கும் அடுத்த வாரம் இருபத்திரண்டு. "பால் குடுக்கிற நேரத்த மாத்துங்க" என்றார்.

"தண்ணிய மாத்தியாச்சு, பவுடர மாத்தியாச்சு, நேரத்தையும் மாத்தச் சொல்றீங்க" என்றாள் அக்கா. "இன்னும் மாத்தாதது கன்னும் டாக்டரும்தான். நேர்ல ஒரு தடவ வந்து பாருங்களேன்."

"வரேம்மா, இந்த வாரம் கட்டாயம் வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் வரவில்லை.

பண்ணை மேனேஜரிடம் போனாள். அவர் முன்பு ஒரு குளிர்பானக் கிடங்கை நடத்தியவர். எந்தச் சிக்கல் வந்தாலும் அதற்கு ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டிவிட்டால் பாதி தீர்ந்துவிடும் என்று மனதார நம்புகிறவர். அதனால் அவருக்குப் பின்னால் எல்லோரும் நோட்டீஸ் சார் என்றார்கள். அவர் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, மறுநாள் காலை கன்றுக் கொட்டகை வாசலில் ஒன்று ஒட்டினார். 'கன்றுகளின் வயிற்றைக் கவனிக்கவும்.'

"எந்தக் கன்னுக்கு சார் படிக்கத் தெரியும்?"

"அது உங்களுக்கும்மா."

"நான் கவனிச்சதாலதானே உங்ககிட்ட வந்து சொன்னேன்?"

"அதான், எழுத்துல இருந்தா ஒரு பலம்."

வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு வைத்தியர். அவள் புருஷன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவர். ஐந்து மாடிக் கட்டடத்தில் ஏறி இறங்கும் டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் பாதியைக் கேட்டு, மீதியைத் தானே நிரப்பிக்கொண்டு வருவார்.

"வயித்துக் கோளாறு எல்லாத்துக்கும் மனசுதான் காரணமாம். பெரிய டாக்டர் நாலாவது மாடிக்குப் போறப்ப சொன்னாரு."

"நாலாவது மாடி என்ன டிபார்ட்மென்ட்?"

"கண்ணு."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு தொல்லை இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. வலது தோள் ஆறு மாதமாக மக்கர் செய்துகொண்டிருந்தது. சீப்பைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோக முடியவில்லை. ரவிக்கைக்குக் கை நுழைப்பதற்கே தினமும் ஒரு போராட்டம். நன்றாக இருக்கும் கன்றுகள் வளையத்தில் மாட்டிய புட்டியைத் தாமே சப்பிக் குடித்துவிடும். ஆனால் எப்போதும் மூன்று நான்கு மந்தமானவை இருக்கும். அவற்றுக்குத் தாடையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் புட்டியைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றோடும் கால் மணி நேரம் நிற்கவேண்டும். மூன்றாவது கன்றுக்கு வரும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

காப்பகத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். சப்பச் சப்பத் தூங்கிவிடும் குழந்தைகளுக்கு, ஊசியைச் சூடாக்கி ரப்பர் காம்பின் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுவாள். பால் சீக்கிரம் இறங்கும். பதினாலு வருஷம் செய்த காரியம், எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆனதில்லை. மழை ஓயும் சமயத்தில் அதையே இங்கேயும் செய்தாள். ஊசிக்குப் பதில் மெல்லிய ஆணி. மொத்தம் எட்டுக் காம்புகள். அவற்றை மாட்டிய புட்டியை மந்தக் கன்றின் வாயில் வைத்துச் சாய்வைக் கூட்டியும் குறைத்தும் பிடித்தால் ஏழு நிமிஷத்தில் வேலை முடிந்தது. சாய்வை அவள் யோசித்து மாற்றவில்லை, கை தானாக மாற்றிக்கொண்டது. காம்புகளுக்கு அடையாளம் எதுவும் வைக்கவில்லை. ஓட்டையைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும். கழுவும்போது மட்டும் எல்லாக் காம்புகளும் ஒரே தொட்டியில்தான் விழுந்தன.

ஒரு புதன்கிழமை காலை முப்பத்தொன்று செத்துப்போயிற்று. மூன்று வாரமாகத் தேறுவதும் விழுவதுமாக இருந்த கன்று. அவள் அதன்மேல் சாக்கைப் போர்த்திவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துச் சுவரில் கணக்குப் போட்டாள். முப்பத்தொன்றுக்கு முதலில் உப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பதுக்கும் செவ்வாய். இருபத்திரண்டுக்கும் செவ்வாய். திங்கட்கிழமை அவளுக்கு வார விடுமுறை. அன்று அவளுக்குப் பதிலாகக் கன்றுகளுக்குப் பால் கொடுப்பவன் டிராக்டர்காரன்.

தேநீர் இடைவேளையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நேராக அவனிடம் போனாள். முப்பத்தைந்து வயசுக்காரன், சாதுவானவன், பெரிய உடம்பு. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, திங்கக்கிழமை நீ என்ன பண்ற?"

"நீங்க சொன்னதத்தான் அக்கா பண்றேன்."

"நான் சொன்னதப் பண்ணியிருந்தா அது உயிரோட இருக்கும். கன்னுக்கும் டிராக்டருக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? டீசல் ஊத்துற மாதிரி ஊத்திட்டுப் போற. உன்னால ஒரு உயிர் போயிருக்கு."

பிஸ்கட் ஒடிந்து தம்ளருக்குள் விழுந்தது.

"நீங்க கழுவி வெச்சுட்டுப் போற பாட்டிலத்தான் எடுத்து மாட்டறேன்" என்றான். "வேற என்ன பண்ணப் போறேன்?"

அவள் அந்தப் பதிலைக் காதில் வாங்கவே இல்லை. இன்னும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள். அன்று மாலையே அவன் கொட்டகை ஏப்ரனை மடித்து மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு, இனிமேல் டிராக்டர் மட்டும்தான் என்று சொல்லிவிட்டான். வேறு ஆள் இல்லை. அவள் வார விடுமுறையை விட்டுக்கொடுத்தாள்.

பத்து நாள் ஒரு கன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம். பார்த்தீர்களா என்று சொல்லிக்காட்ட ஆள் தேடினாள். ஆனால் ஓய்வில்லாமல் தோள் மேலும் மோசமானது. கையை இடுப்புக்கு மேல் தூக்க முடியாத நாள் வந்தபோது, பெரிய ஓட்டைப் புட்டிகளைக் கையில் பிடிக்காமல் வளையத்திலேயே மாட்ட ஆரம்பித்தாள். கழுவிய தொட்டியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து மாட்டினாள். ஓட்டையைப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லை.

பன்னிரண்டாம் நாள் மாலை இரண்டு கன்றுகள் சேர்ந்தாற்போல் உப்பி நின்றன. பல்லைக் கடித்தன. அன்று திங்களும் இல்லை, செவ்வாயும் இல்லை. கொட்டகையில் அவளைத் தவிர யாரும் கால் வைக்கவில்லை.

அவள் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள். திட்டுவதற்கு வாய் தயாராக இருந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. எழுந்து போய் டாக்டருக்குப் போன் செய்தாள்.

"நீங்க இன்னும் ஒரு மணி நேரத்துல இங்க வரலன்னா, ரெண்டு கன்னையும் வண்டியில ஏத்தி உங்க வீட்டு வாசல்ல இறக்கிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

நாற்பது நிமிஷத்தில் வந்துவிட்டார். குள்ளமான மனிதர், காதுவரை சேறு. உப்பிய கன்றின் இடது விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். விரல்களால் குத்திப் பார்த்துவிட்டு அவளையும் கேட்கச் சொன்னார். பாதி நிறைந்த குடத்தைக் குலுக்கினாற்போல் உள்ளே தளும்பியது.

"இது பால். இருக்கக்கூடாத எடத்துல இருக்கு" என்றார். "கன்னுக்கு நாலு வயிறு. சப்பிக் குடிச்சா, உள்ள ஒரு மடிப்பு மூடிக்கிட்டு, பால் முதல் வயித்தத் தாண்டி நேரா நாலாவதுக்குப் போயிடும். அங்கதான் செரிக்கும். சப்பாம, வாயில கொட்டற வேகத்துக்கு முழுங்குச்சுன்னா அந்த மடிப்பு சரியா மூடாது. பால் முதல் வயித்துல விழுந்து அங்கயே கெடந்து புளிக்கும். எந்த பாட்டில்ல குடிச்சுது?"

வளையத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த புட்டியைக் கழற்றி, மிச்சப் பாலோடு தலைகீழாகப் பிடித்தார். சொட்டுச் சொட்டாக விழவேண்டிய பால் நூல் பிடித்தாற்போல் ஒரே ஒழுக்காகக் கொட்டியது.

நோட்டீஸ் சாரும் வந்து நின்றிருந்தார்.

"இந்த ஓட்டையப் பெருசாக்கினது யாரு?" என்று டாக்டர் கேட்டார்.

நோட்டீஸ் சார் டிராக்டர் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சீக்கிரம் வேலைய முடிச்சுட்டு ஓடறதுக்கு அவன்தான் பண்ணியிருப்பான்" என்றார்.

அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்திருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். அவளே ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். பண்ணையில் ஒருவர்கூடச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அவள் கீழே கொட்டிய பாலைப் பார்த்தாள்.

"நான்தான் சார்" என்றாள். "ஆணியக் காய்ச்சி நான்தான் போட்டேன். மொத்தம் எட்டு."

"நீங்களா?" என்றார் டாக்டர். "உங்களுக்கு இது தெரியாதாம்மா?"

"கையில புடிச்சுக் குடுக்கறப்ப ஒண்ணும் ஆகல. சாய்வுல சரி பண்ணிக்குவேன். மாட்டிவிட்டா என்ன ஆகும்னு யோசிக்கல." சொல்லும்போதே டிராக்டர்காரனின் திங்கட்கிழமைகள் முழுவதும் அவளுக்கு விளங்கின. அவன் தொட்டியிலிருந்து எடுத்துக் கண்ட கன்றுக்கும் மாட்டியிருக்கிறான். பசி வெறியில் இருக்கும் கொழுத்த கன்றுக்கு அந்தக் காம்பு கிடைத்தால் இரண்டு லிட்டரை மூச்சுவிடும் நேரத்தில் விழுங்கியிருக்கும்.

டாக்டர் குழாய் விட்டு இரண்டு கன்றுகளின் வயிற்றிலிருந்தும் காற்றையும் புளித்த பாலையும் இறக்கினார். அந்த நாற்றத்தில் நோட்டீஸ் சார் வெளியே போய்விட்டார். டாக்டர் ஒரு வேளைப் பாலை நிறுத்தி உப்பும் சர்க்கரையும் கரைத்த மருந்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அப்புறம் கொஞ்ச நாளைக்கு எல்லாக் கன்றுகளுக்கும் முதலில் விரலைச் சப்பவிட்டுப் பிறகு புட்டியைக் கொடுக்கவேண்டும். கிளம்பும்போது அவளிடம், முதல் தடவையே நேரில் வந்திருக்கவேண்டும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் அதை மறுக்கவில்லை.

அத்தனை புட்டிகளிலும் தண்ணீர் நிரப்பித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். எட்டு ஓட்டை என்று நினைத்திருந்தாள். ஏழுதான் கிடைத்தன. எட்டாவதுக்காகத் தொட்டி, சாக்கடை வலை, தீவன மூட்டைச் சந்து என்று ஒரு மணி நேரம் தேடினாள். கடைசியில் அவள் ஏப்ரன் பையிலேயே இருந்தது. கத்தரிக்கோலால் எட்டையும் நறுக்கிப் போட்டாள்.

நோட்டீஸ் சார் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"எதுக்கும்மா ஓட்டை போட்டீங்க?"

"தோள் தூக்க முடியல."

"எத்தனை நாளா?"

"ஆறு மாசத்துக்கு மேல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணுவீங்க? தோளைக் கவனிக்கவும்னு ஒட்டுவீங்க. இல்லன்னா வேற ஆளு பாப்பீங்க."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அப்படியே திரும்பிப் போனவர் மறுநாள் வெல்டிங்காரரைக் கூட்டிவந்து, மந்தக் கன்றுகளின் தடுப்பில் புட்டியைத் தாங்கும் ஒரு கம்பித் தொட்டில் போடச் சொன்னார். முதல் தொட்டில் கன்றின் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் இருந்தது. இரண்டாவது முழங்காலுக்கு நேராக இருந்தது. கன்றைப் பார்த்து அளவெடுங்கள் என்று மூன்றாம் தடவை அவளே கூட நின்று கத்தின பிறகுதான் சரியாக அமைந்தது.

இருந்தாலும் டிராக்டர்காரன் விஷயம் பாக்கி இருந்தது. இரண்டு நாள் அவள் அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் நடந்தாள். மூன்றாம் நாள் தன்மேலேயே எரிச்சல் வந்து நேராகப் போனாள். அவன் டிராக்டருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவள் கால்களிடம் பேசினாள்.

"தம்பி, அன்னிக்கு நான் பேசினது தப்பு. ஓட்டை போட்டது நான்தான்."

"கேக்கல அக்கா. இன்ஜின் ஓடுது."

இன்ஜின் ஓடவில்லை.

"நான் சொன்னது தப்புன்னு சொல்றேன்."

"எங்க சொன்னீங்களோ அங்கயே சொல்லுங்க" என்றது டிராக்டருக்கு அடியிலிருந்து குரல். "இங்க யாரும் இல்ல."

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. தேநீர் இடைவேளையில், கறவைக்காரர்களும் தீவனக்காரர்களும் உட்கார்ந்திருந்த இடத்தில், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. கன்னுங்களுக்கு வயிறு கெட்டது என்னால. இவரு மேல ஒரு தப்பும் இல்ல. இவரு பதில் சொன்னப்ப நான் காதுல வாங்கல. ஒரு கன்னு செத்ததும் என்னாலதான்." கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் பிசிறியது. அதை மறைக்க, "போதுமா?" என்று அவனைப் பார்த்து அதட்டினாள்.

அவன் தேநீரை ஒரு வாய் குடித்தான்.

"இவருன்னீங்களே, அது புதுசா இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்திருக்கலாம், ஆனால் சிரிக்கவில்லை. வரும் திங்கட்கிழமை வருவாயா என்று மட்டும் கேட்டாள். அவன் தலையசைத்தான்.

அந்தத் திங்கட்கிழமை புருஷன் அவளைத் தன் லிஃப்டிலேயே இரண்டாவது மாடிக்கு, எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். "என் சம்சாரம்" என்று ஏறியவர்களிடமெல்லாம் சொன்னார். எலும்பு டாக்டர் தோளைத் திருகிப் பார்த்து, மூட்டு இறுகிவிட்டது, சுவரில் விரல்களை எறும்புபோல் மேலே ஏற்றும் பயிற்சியைத் தினமும் செய்யவேண்டும், எட்டு மாதமாவது ஆகும் என்றார். எட்டு மாதமா என்று அவரிடமும் சண்டைக்குப் போனாள். வீட்டுக்கு வந்து சுவரில் விரலை ஏற்றிக்கொண்டே, மறு கையில் போனை எடுத்து டிராக்டர்காரனைக் கூப்பிட்டாள்.

"விரல சப்ப விட்டியா?"

"விட்டேன் அக்கா."

"நாற்பதுக்குமா?"

"முப்பத்தொம்போது."

"ஏன், ஒண்ணுக்கு என்ன?"

"முப்பத்தொன்னு இல்லையே அக்கா. அந்தத் தடுப்பு காலிதானே."

சுவரில் அவள் விரல்கள் தோள் உயரத்திலேயே நின்றுவிட்டன. சரி, மத்தியானம் கழுவினதும் காம்பைச் சொட்டவிட்டுப் பார்த்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கால் மணி நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாம் முறை அவன் எடுக்கவில்லை.

குழாய் விட்ட இரண்டில் ஒன்று ஒரே வாரத்தில் துள்ள ஆரம்பித்துவிட்டது. மற்றதற்கு வயிற்றோரம் ரோமம் கொட்டி, தேற ஒன்றரை மாதம் பிடித்தது. புதுக் காம்புகளின் சின்ன ஓட்டை எந்தக் கன்றுக்கும் பிடிக்கவில்லை. தலையால் புட்டியை முட்டின, கத்தின, அவள் ஏப்ரன் நாடாவைப் பிடித்து இழுத்தன. வேளைக்கு இருபத்தைந்து நிமிஷம் கூடுதலாக ஆயிற்று. அந்த இருபத்தைந்து நிமிஷமும் அவள் தடுப்புத் தடுப்பாக நடந்து, ஒவ்வொன்றின் இடது விலாவிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"மெதுவாக் குடி. எங்க போகப் போற? எனக்கும் போறதுக்கு எடம் கெடையாது" என்று அதட்டினாள். கன்று வாலை ஆட்டிக்கொண்டு சப்பியது.